கொடுக்காப்புளி மரத்தில் ஏறிய எழுத்துகள்

கன்னிச்செவல் ஊரிலிருந்த கம்ப்யூட்டர் கீபோர்டுகளின் எழுத்துகள் எல்லாம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு, யாரிடமும் சொல்லாமல் கொள்ளாமல், கட்டையை விட்டு இறங்கி, வரிசை பிடித்து, மேசைக்கால் வழியே தரைக்கு வந்து, வாசற்படி தாண்டி, பஸ் ஸ்டாண்டு ரோட்டைக் குறுக்கே கடந்து, தவசிலிங்கம் மாஸ்டரின் டைப்பிங் இன்ஸ்டிடியூட்டுக்கு முன்னால் நிற்கும் கொடுக்காப்புளி மரத்தில் ஏறிக்கொண்டன. கறுப்புக் கீபோர்டிலிருந்து வந்தவை வெள்ளையாகவும், பழைய வெள்ளைக் கீபோர்டிலிருந்து வந்தவை கறுப்பாகவும் இருந்தன. இங்கிலீஷ் எழுத்துகள் விறுவிறுவென்று முன்னால் போக, தமிழ் எழுத்துகள் கொம்பையும் சுழியையும் தூக்கிக்கொண்டு மெதுவாகப் பின்னால் போயின. நடுரோட்டில் மினிபஸ் வந்தது. டிரைவர் பிரேக்கைப் போட்டு, ஆட்டு மந்தைக்குக் காத்திருப்பதுபோல் ஸ்டியரிங்கில் கன்னத்தை வைத்துக் காத்திருந்தார். கண்டக்டர் படியிலிருந்து எட்டிப்பார்த்து, "ஏலே, பிந்திப் போறதெல்லாம் ஓடுங்கலே, டைம் ஆகுதுல்ல" என்று ஒரு சத்தம் போட்டார். அவ்வளவுதான். மினிபஸ் போய்விட்டது.

தாசில்தார் அம்மா தன் கீபோர்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். "இது சம்பந்தமா மேலிடத்துக்கு உடனே ஒரு லெட்டர் அடிங்க" என்றார். ஆபீஸே அவரவர் மொட்டைக் கட்டையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, "யோவ் ஏட்டு, இது திருட்டுக் கேசா, காணாமப் போன கேசாய்யா?" என்று கேட்டார். "தானா நடந்து போயிருக்குங்கய்யா. காணாமப் போனதுதான்." "மேஜரா, மைனரா?" "கட்டையில பெரிய எழுத்து மட்டுந்தான இருக்கும், மேஜர்தாங்கய்யா." "அப்ப விரும்பிப் போயிருக்கு. நாம ஒண்ணும் பண்ண முடியாது" என்று ரைட்டர் டீ சொல்லிவிட்டார்.

அடுத்த டவுனிலிருந்து புதுக் கீபோர்டு வாங்கிவந்து பார்த்தார்கள். ஊர்ப் பெயர்ப் பலகையைத் தாண்டியதுமே அட்டைப்பெட்டிக்குள்ளிருந்து எழுத்துகள் இறங்கி மரத்தைப் பார்க்க நடந்தன. வெள்ளைப் பேப்பரில் எழுதி வெட்டி ஒட்டிப் பார்த்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் பேப்பர் மட்டும் மிச்சமிருந்தது. செல்போன் கண்ணாடிக்குள் இருக்கிற எழுத்துகள் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே இருந்தன. ஆனால் பத்திரத்தையும் மனுவையும் ஆபீஸ் கம்ப்யூட்டரில்தானே அடித்தாக வேண்டும்? செல்போனில் கீபோர்டு படத்தைப் பார்த்துப் பார்த்துக் கட்டையைத் தேடி, ரைட்டர் ஒரு ஆடு காணாமல் போன புகாரை அடித்து முடிக்க மூன்று நாளானது. அதற்குள் ஆடு தானாகவே வீட்டுக்கு வந்து, குட்டியும் போட்டுவிட்டது.

விஷயம் இதுதான்: கன்னிச்செவலில் அத்தனை பேரும் இரண்டு விரலால், கோழி கொத்துகிற மாதிரி, குனிந்து பார்த்து டைப் அடிக்கிறவர்கள். குனியாமல் அடிக்கத் தெரிந்த ஆள் ஊரிலேயே ஒருத்திதான். முந்தின நாள் சாயங்காலம்தான் அவளை இன்ஸ்டிடியூட்டிலிருந்து மாடிப்படி இறக்கி விரட்டியிருந்தார்கள்.

அவள் பெயர் ஆவுடைச்செல்வி. வயது பத்தொன்பது. பகலில் தீப்பெட்டி ஆபீசில் பெட்டி அடைக்கிற வேலை. ஒரு கையால் குச்சியை அள்ளினால் எண்ணாமலே ஐம்பது இருக்கும். கண் பக்கத்துப் பொம்பளையிடம் பேசிக்கொண்டிருக்க, விரல் பாட்டுக்குப் பெட்டியை நிரப்பி மூடித் தள்ளிவிடும். குச்சி மருந்து ஏறி ஏறிப் பெருவிரல் இரண்டும் செக்கச் செவேலென்று இருக்கும். எந்தச் சோப்புக்கும் போகாது. அவளுக்கு இன்னொரு வித்தையும் உண்டு. யார் குரலையும் ஒருதடவை கேட்டால் போதும், அப்படியே பேசிவிடுவாள். மேஸ்திரி குரலில் அவள் "ஏத்தா, என்ன பேச்சு அங்க?" என்று ஒரு அதட்டு அதட்டினால் நிஜ மேஸ்திரியே திடுக்கிட்டு வேலை பார்ப்பார்.

ஐந்தரை மணி பேட்ச்சுக்கு அவள் ஓடிவரும்போது நல்ல மிஷினெல்லாம் போயிருக்கும். மூலையில் ஒன்று மிச்சம் கிடக்கும். வருஷக்கணக்காகத் தேய்ந்து, கட்டையில் ஒரு எழுத்துகூட இல்லாமல், மொழுமொழுவென்று வழித்த தலைபோல இருக்கும் அதன் கீபோர்டு. அதற்கு மேல் துண்டு வேறு. யாரும் குனிந்து பார்க்கக்கூடாது என்பது மாஸ்டரின் சட்டம். ஒவ்வொரு பிள்ளையின் கழுத்திலும் ஈரிழைத் துண்டின் இரண்டு முனையைக் கட்டி, மற்ற இரண்டு முனையை மானிட்டரில் செருகிவிடுவார். முடிவெட்ட உட்கார்ந்த மாதிரி பத்துப் பேரும் உட்கார்ந்திருக்க, துண்டுக்கு அடியில் இருபது கைகள் எலிபோல் ஓடும். மாஸ்டர் மர ஸ்கேலோடு பின்னால் நடப்பார். "கீழ பாக்காத. எஃப்லயும் ஜேலயும் மேடு இருக்கும், அதைத் தொட்டு எடத்தப் புடி. ஏ எஸ் டி எஃப் ஜி எஃப். செமிகோலன் எல் கே ஜே எச் ஜே. தப்பா? முதல்லருந்து!"

ஆவுடை ஏழு மாதம் முதல்லருந்து அடித்தாள். ஏ எஸ் டி எஃப் ஜி எஃப் என்று சாப்பாட்டுத் தட்டில் அடித்தாள், பஸ் கம்பியில் அடித்தாள், அவள் அம்மா மாரித்தங்கத்தின் முதுகுக்கு எண்ணெய் தேய்க்கும்போதும் அடித்தாள். "ஏட்டி, இது முதுகா மிஷினா?" என்று அம்மா நெளிந்தாள்.

பரீட்சை வந்தது. அதில் முதல் வகுப்பு வாங்குகிறவருக்குத் தாலுகா ஆபீசில் டைப்பிஸ்டு வேலை என்று தாசில்தார் அம்மாவே சொல்லியிருந்தார். அடித்த தாளில் ஒரு படி சென்னைக்குப் போகும், ஒரு படி இன்ஸ்டிடியூட்டில் இருக்கும். தாளின் மேல்மூலையில் பரீட்சை நம்பர்ச் சீட்டைக் கோந்து தடவி ஒட்டுவது மாஸ்டர் வேலை. ரிசல்ட்டும் வந்தது. ஆவுடை ஃபெயில். முதல் வகுப்பில் பாஸ் ஆனது, தாலுகா ஆபீஸ் ஹெட்கிளார்க்கின் மகள் ஹேமப்ரியா. அவள் துண்டில் சரியாகக் கண்ணுக்கு நேரே ஒரு ஓட்டை இருந்தது பேட்ச் முழுக்கத் தெரிந்த சங்கதி.

மாஸ்டருக்குப் பெருமை தாங்கவில்லை. ஹேமப்ரியாவின் தாளைச் சட்டம்போட்டுச் சுவரில் மாட்டினார். "பாருங்க, ஓரம் எப்படி நூல் புடிச்சாப்ல இருக்கு!" ஆவுடை பார்த்தாள். தாளின் வலது ஓரத்தில், கண்ணாடிக்கு உள்ளே, சிவப்பாக ஒரு பெருவிரல் ரேகை இருந்தது. குச்சி மருந்து.

"சார், இது என் தாளு."

"எது?"

"அந்தா இருக்கு பாருங்க, என் கை."

மாஸ்டர் பேட்ச்சைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "ஏம்மா, ஊருல செவப்புக் கை உனக்கு மட்டுந்தானா? தீப்பெட்டிக் கைக்கு தாலுகா ஆபீஸ் நாற்காலி கேக்குதோ? போ போ, குச்சி அடை. அதுதான் உனக்கு வரும்." எட்டுப் பேர் சிரித்தார்கள். ஹேமப்ரியா மட்டும் துண்டுக்கடியில் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னொரு தடவ இந்தப் படியில ஏறுன, காலு இருக்காது" என்று மாஸ்டர் ஸ்கேலால் வாசலைக் காட்டினார்.

கீழே இறங்கிய ஆவுடை அழவில்லை. கொடுக்காப்புளி மரத்தடியில் நின்றாள். பத்து விரலையும் மரத்தின் பட்டையில் வைத்து, அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல், புள்ளி கமாவோடு, பட்டையிலேயே அடித்தாள். தப்பே வரவில்லை. பிறகு வீட்டுக்குப் போனாள். மறுநாள் காலை பத்தே கால் மணிக்கு நடந்ததைத்தான் சொல்லிவிட்டேனே.

வியாழக்கிழமை தாலுகா ஆபீஸ் ஜீப் தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் நின்றது. பியூன் இறங்கி, "இங்க ஆவுடைச்செல்விங்கறது யாருத்தா? தாசில்தார் அம்மா கூப்புடுதாக. கீழ பாக்காம அடிப்பியாமே?" என்றார்.

"யாரு சொன்னா?"

"ஹேமப்ரியா மேடந்தான்."

ஆவுடை செவப்புப் பெருவிரலைத் தாவணியில் துடைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினாள். அந்த வாரம்தான் டைப்பிஸ்டாகச் சேர்ந்திருந்த ஹேமப்ரியாவின் நாற்காலியில் உட்கார்ந்து, கட்டையில் கை வைத்தவள், எடுத்துவிட்டாள். "துண்டு வேணும்" என்றாள். துண்டில்லாமல் அவள் கைக்கு வெட்கமாக இருந்தது. ஆபீசில் துண்டுக்கு எங்கே போவது? ஒரே ஒரு துண்டுதான் இருந்தது, தாசில்தார் அம்மா நாற்காலி முதுகில் போட்டிருக்கும் வெள்ளை டர்க்கி டவல். அதில் கை வைக்க ஹெட்கிளார்க்குக்கே தைரியம் கிடையாது. "அது தாங்க" என்றாள் ஆவுடை. ஆபீஸ் மூச்சை அடக்கிக்கொண்டிருக்க, தாசில்தார் அம்மா எழுந்து தானே உருவிக் கொடுத்தார். ஆவுடை அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டு, மூன்று நாள் தேங்கின மனுக்களை மத்தியானத்துக்குள் அடித்துத் தள்ளினாள். மழை பெய்கிற மாதிரி சத்தம். ஹெட்கிளார்க் குடையைத் தேடினார்.

அப்புறம் ஊர் அவள் விரலைப் பிடித்துக்கொண்டது. காலையில் தாலுகா ஆபீஸ், நடுவில் கொஞ்ச நேரம் தீப்பெட்டி ஆபீஸ், மத்தியானம் ஸ்டேஷன், மூன்று மணிக்குப் பத்திர ஆபீஸ், சாயங்காலம் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற பிரஸ். போகிற இடமெல்லாம் டர்க்கி டவலும் கூடப் போனது.

பத்திரம் என்று ஒன்று எழுதினால் அதன் கடைசியில், சாட்சிக் கையெழுத்துக்கெல்லாம் கீழே, இதைத் தட்டச்சு செய்தது யார் என்று பெயர் போடுவது வழக்கம். போடாவிட்டால் ஆபீசில் வாங்க மாட்டார்கள். ஆவுடை அந்த இடத்தைப் பார்த்தாள். அன்று முதல் அவள் அடித்த ஒவ்வொரு காகிதத்தின் கடைசியிலும் இந்த வரி இருந்தது: "தட்டச்சு: ஆவுடைச்செல்வி. தவசிலிங்கம் மாஸ்டர் நம்பர்ச் சீட்டை மாற்றி ஒட்டி ஹேமப்ரியா பேருக்கு அனுப்பிய தாளும் இவள் அடித்ததே." கிரயப் பத்திரத்தில் இருந்தது. ஸ்டேஷன் புகாரில் இருந்தது. காதுகுத்துப் பத்திரிகையில், பள்ளிக்கூட லீவு அறிவிப்பில், பதினாறாம் நாள் காரியத்துக்கு அழைக்கும் கறுப்புக் கரை போட்ட கார்டில், எல்லாவற்றிலும் இருந்தது.

மாஸ்டரை ஊர் கல்லெறிந்து கொல்லும் என்று அவள் காத்திருந்தாள். முதல் வாரம் நாலைந்து பேர் படித்துவிட்டு, "அடப்பாவி மாஸ்டரே" என்று வாயில் கை வைத்தார்கள். இரண்டாம் வாரம், "அந்த வரி இருக்கா பாத்துக்கிருங்க, இல்லைன்னா பத்திரம் செல்லாதாம்" என்று பேச்சு வந்தது. மூன்றாம் வாரம் பக்கத்து ஊரிலிருந்து ஒருத்தர் மகள் கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்து, "தங்கச்சி, அந்த மாஸ்டர் வரியையும் சேத்துப் போட்டுருத்தா. போட்ட எடமெல்லாம் ராசியா இருக்குதாம்ல" என்றார். பிரஸ்காரர் அதற்குச் சுற்றிலும் பூ வேலைப்பாடு போட்டு, அடியில் குத்துவிளக்கும் வைத்துவிட்டார். அந்தக் கல்யாணத்துக்கு மாஸ்டரும் போனார்; பத்திரிகையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பந்தியில் உட்கார்ந்து இரண்டுதடவை பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தார்.

எழுத்து மரமேறினதையும் ஊர் அப்படித்தான் செரித்துவிட்டது. மரத்துக்கு மஞ்சள் துணி கட்டினார்கள். கொசு மருந்து அடிக்கிறவர் புகை போட்டுப் பார்த்தார், எழுத்துகள் இருமின. பிள்ளைகள் பொன்வண்டு பிடிக்கிற மாதிரி எழுத்தைப் பிடித்துத் தீப்பெட்டிக்குள் போட்டு, கொழுந்து இலை வைத்து வளர்த்தார்கள். நல்ல தீனி கொடுத்தால் அவை முற்றுப்புள்ளி முற்றுப்புள்ளியாக முட்டை இட்டன. ஃபிளெக்ஸ் கடைக்காரர் வெறும் போட்டோ மட்டும் போட்டுப் பேனர் கட்டினார். யாருக்குப் பிறந்தநாள், யாருக்குக் கண்ணீர் அஞ்சலி என்று தெரியாமல் ஜனங்கள் இரண்டுக்கும் பொதுவாக மாலை போட்டுவிட்டுப் போனார்கள். "எழுத்து மேல இருந்தா என்ன, அதான் ஆவுட இருக்காளே" என்றார்கள். ஆவுடை சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தாள். தன் ஆத்திரத்துக்கும் குத்துவிளக்கு வைத்து மாலை போட்டுவிடுகிற ஊரை என்ன செய்வது?

நாலாவது வாரம், தீப்பெட்டி ஆபீஸ் சாப்பாட்டு வேளையில் ஹேமப்ரியா வந்தாள். குச்சி மூட்டைமேல் உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரியும்டி" என்றாள்.

"என்ன தெரியும்?"

"மாஸ்டர் சீட்டை மாத்தி ஒட்டுனப்போ பாத்தேன். என் துண்டுல ஓட்டை போட்டதே அவருதான், சிகரெட்டால. அப்பா சும்மா இருன்னாரு. சும்மா இருந்துட்டேன்."

ஆவுடை கையில் அள்ளிய குச்சியை அப்படியே பிடித்திருந்தாள். "இப்ப எதுக்கு வந்த?"

"ஆபீஸ்ல எல்லாரும் என் கையையே பாக்காகடி. நீ வந்து அடிச்சிட்டுப் போன பெறவு என் விரலு கட்டை மேல நிக்க மாட்டேங்குது. நெசமாவே கத்துக்கணும். வேணும்னா, நடந்ததை நான் எழுதித் தாரேன். கையெழுத்தும் போடுதேன்."

"நீ எழுதிக் குடுத்தா, நான் மெரட்டி வாங்குனேன்னு அந்தாளு கதை கட்டுவான். அப்பாவைக் காட்டிக்குடுத்துட்டோமேன்னு நீயும் நாளைக்கு மாத்திச் சொல்லுவ." ஆவுடை குச்சியைப் பெட்டிக்குள் தள்ளி மூடினாள். "என் கையில இருந்து போனது அவன் கை வழியாத்தான் திரும்பி வரணும். நீ போ. போயி ஒரு துண்டு வாங்கு. ஓட்டை இல்லாத துண்டா வாங்கு. முதல்லருந்து அடி."

"சொல்லித் தர மாட்டியா?"

"எனக்கு யாரு சொல்லித் தந்தா? மூலை மிஷினு."

அன்று சாயங்காலம் அவள் மரத்தடிக்குப் போனாள். ஒரு மாதத்துக்குப் பிறகு பட்டையில் விரலை வைத்தாள். ஏ எஸ் டி எஃப் ஜி எஃப் என்று தட்டினாள். உச்சிக்கொம்பில் ஒரு சலசலப்பு. ஒரு வெள்ளை 'ஏ' தொப்பென்று அவள் இடது சுண்டுவிரலில் விழுந்து உட்கார்ந்தது. பக்கத்து விரலில் ஒரு எஸ். அதற்கடுத்து டி. மரம் முழுக்கக் கலகலத்து, கொத்துக் கொத்தாக எழுத்துகள் இறங்கி, முழங்கைவரை ஏறி, நாய்க்குட்டிபோல் மூக்கை ஆட்டிக்கொண்டு நின்றன. கூப்பிட்டால் வந்திருக்கும், கூப்பிடத்தான் ஆளில்லை. ஆவுடை சுற்றுமுற்றும் பார்த்தாள். யாரும் இல்லை. "மேல போங்க. நான் சொல்லும்போது வாங்க" என்றாள் மெதுவாக. எழுத்துகள் சொன்ன பேச்சுக் கேட்டு மேலே போயின. அன்றைக்குத்தான் அவள் ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

மறுநாள் டவலை நான்காக மடித்துத் தாசில்தார் அம்மா மேசைமேல் வைத்தாள்.

"இனி நான் அடிக்கல. எழுத்து எறங்கும். எறக்க எனக்குத் தெரியும்."

"அப்ப எறக்கும்மா!"

"தவசிலிங்கம் மாஸ்டர் மூலை மிஷின்ல உக்காந்து, கழுத்துல துண்டைக் கட்டி, கீழ பாக்காம, என் தாளை என்ன பண்ணாருன்னு ஒரு பக்கம் அடிக்கணும். ஒரு தப்பு இருக்கக் கூடாது. அடிச்ச அன்னிக்கு எறங்கும்."

ஒரு மாதம் வரியைப் படித்துப் பாயசம் குடித்த அதே ஊர், அரை மணி நேரத்தில் மாஸ்டர் வீட்டு வாசலில் நின்றது. பத்திரம் நின்றுபோனவர், புகார் நின்றுபோனவர், பத்திரிகை அடிக்கக் கொடுத்து முகூர்த்தம் நெருங்கினவர் எல்லாரும் நின்றார்கள். "என்ன மாஸ்டர், ஒரு பக்கம்தான, அடிச்சிட்டு வந்துருங்களேன்" என்றார் ரைட்டர். "இருபத்தெட்டு வருஷமா சொல்லிக் குடுக்கீக. உங்களுக்கு ரெண்டு நிமிச வேலை" என்றார் பிரஸ்காரர்.

மாஸ்டரை இன்ஸ்டிடியூட்டுக்குக் கூட்டிப்போய் மூலை மிஷினில் உட்கார வைத்தார்கள். கட்டையில் கை வைத்தார். கை அங்கேயே நின்றது. எஃப் மேடு எங்கே என்று அவர் விரலுக்குத் தெரியவில்லை. அப்போதுதான் ஊர் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தது: மாஸ்டர் டைப் அடித்து யார் பார்த்திருக்கிறார்கள்? பின்னால் ஸ்கேலோடு நடந்ததைத்தான் பார்த்திருக்கிறார்கள். இன்ஸ்டிடியூட் நோட்டீசெல்லாம் பிள்ளைகளுக்குப் பயிற்சி என்று பிள்ளைகளை வைத்தே அடித்தது. "ஏ மாஸ்டரே!" என்று கூட்டத்தில் ஒரு பொம்பளை நீட்டி இழுத்தாள். இருபத்தெட்டு வருஷத்து மதிப்பு அந்த இழுப்பிலேயே போய்விட்டது.

கற்றுக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. தினமும் காலை எட்டு மணிக்கு மாஸ்டர் மூலை மிஷினில் உட்கார்ந்தார். ஆவுடை ஈரிழைத் துண்டை அவர் கழுத்தில், பின்பக்கமாக, நன்றாக இறுக்கிக் கட்டினாள். அவருடைய மர ஸ்கேலை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தாள். அடிக்கவில்லை; சுவரில் மட்டும் ஒரு தட்டு. அப்புறம் அவருடைய குரலிலேயே, தொண்டை கரகரப்போடு, மூக்கடைப்போடு, "கீழ பாக்காத. முதல்லருந்து!" என்பாள். முதல்தடவை கேட்டபோது மாஸ்டர் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பிப் பார்த்தார், தன் பின்னால் தானே நிற்கிறோமோ என்று.

ஊர் இதையும் பழகிக்கொண்டது. மாடி வராந்தாவில், ஜன்னலடியில் சுண்டல்காரர் கடை போட்டார். "மாஸ்டர் இன்னைக்கு எங்க இருக்காரு?" "நடு வரிசை முடிச்சு மேல் வரிசைக்குப் போயிருக்காரு." "சுண்டுவிரலு?" "அதுதான் இன்னும் மடங்க மாட்டேங்குதாம்." டியூஷன் போகிற பிள்ளைகள் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "ஏ எஸ் டி எஃப் மாஸ்டர்!" என்று கத்திவிட்டு ஓடின. தாசில்தார் அம்மா பியூனிடம் தைலம் கொடுத்தனுப்பினார், விரலில் தேய்க்க.

விரல் பழகின பிறகுதான் நிஜமான தகராறு ஆரம்பித்தது. இருபத்தாறாம் நாள் மாஸ்டர் ஒரு பக்கம் அடித்து நீட்டினார். ஆவுடை படித்தாள். "சூழ்நிலை காரணமாக நம்பர்ச் சீட்டு மாறி ஒட்டப்பட்டது."

"சூழ்நிலையா? அது எந்த விரலு சார்? முதல்லருந்து."

மறுநாள் "தவறுதலாக ஒட்டிவிட்டேன்" என்றிருந்தது. "முதல்லருந்து." அதற்கு மறுநாள் "ஹெட்கிளார்க்கின் வற்புறுத்தலின் பேரில்." கூட்டம் ஹெட்கிளார்க்கைத் திரும்பிப் பார்த்தது, ஹெட்கிளார்க் தன் செருப்பைப் பார்த்தார். "அது நெசந்தான், இருக்கட்டும். ஆனா ஒட்டுன கை யாருது? முதல்லருந்து." நாளுக்கு ஒரு சாக்காக உதிர்ந்தது. முப்பத்தைந்தாம் நாள் துண்டுக்கடியில் மாஸ்டரின் தோள் குலுங்கியது. ஜன்னலில் யாரோ, "போதும் விடுத்தா, பாவம்" என்றார்கள்.

ஆவுடை திரும்பினாள். "நான் படியிறங்கி வந்தப்போ இந்த ஜன்னல்ல யாரு நின்னீக?" என்று கேட்டாள். "முதல்லருந்து" என்றாள். இந்தத்தடவை தன் சொந்தக் குரலில்.

நாற்பதாம் நாள் காலை பத்தே கால் மணிக்கு மாஸ்டர் கையை எடுத்தார். அவர் ஒருதடவைகூடக் குனியவில்லை. தாளில் இருந்தது இவ்வளவுதான்: "ஆவுடைச்செல்வி அடித்த தாளில் இருந்த நம்பரைக் கிழித்து, ஹேமப்ரியாவின் நம்பரை என் கையால் ஒட்டினேன். ஹெட்கிளார்க் கேட்டார், நான் செய்தேன். அந்தப் பெண் வந்து கேட்டபோது அவள் கையைப் பார்த்துச் சிரித்தேன். அவளுக்கு வந்த வித்தை எனக்கு அன்று வராது." கீழே, வழக்கப்படி, "தட்டச்சு: தவசிலிங்கம்."

ஆவுடை இரண்டுதடவை படித்தாள். ஓரம் நூல் பிடித்தாற்போல் இருந்தது. சுவரிலிருந்த சட்டத்தை இறக்கி, கண்ணாடியைக் கழற்றி, தன் பழைய தாளை எடுத்துக்கொண்டாள். புதுத் தாளின் வலது ஓரத்தில் தன் செவப்புப் பெருவிரலை அழுத்தி, அதைச் சட்டத்துக்குள் வைத்து, பழைய ஆணியிலேயே மாட்டினாள். இன்னொரு படி சென்னைக்குப் போயிற்று.

பிறகு கீழே இறங்கி மரத்தில் பத்து விரலையும் வைத்தாள். எழுத்துகள் இறங்கின. கறுப்பும் வெள்ளையுமாக, இங்கிலீஷ் முன்னாலும் தமிழ் பின்னாலுமாக ரோட்டைக் கடந்தன, மினிபஸ் நின்றது, கண்டக்டர், "ஏலே, வரும்போதும் லேட்டு, போகும்போதும் லேட்டா?" என்றார். பிள்ளைகள் தீப்பெட்டிகளைத் திறந்துவிட்டார்கள். மத்தியானத்துக்குள் ஊரிலிருந்த கீபோர்டு ஒவ்வொன்றும் நிறைந்துவிட்டது. இன்ஸ்டிடியூட்டில் மட்டும் ஒரு எழுத்துகூட ஏறவில்லை. ஏன் என்று யாரும் ஆவுடையைக் கேட்கவில்லை.

சர்டிபிகேட் பதிவுத் தபாலில், அவள் பெயரில் வந்தது. ஹேமப்ரியா தானாகவே எழுந்து நாற்காலியைக் கொடுத்துவிட்டு, கடைசி மேசையில், ஓட்டை இல்லாத துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஆவுடை அவளோடு பேசுவதில்லை; ஆனால் அந்தப் பக்கம் போகும்போது துண்டின் முடிச்சு தளர்ந்திருந்தால் நின்று இறுக்கிவிட்டுப் போவாள்.

இன்ஸ்டிடியூட் இன்றும் நடக்கிறது. பிள்ளையைச் சேர்க்க வருகிறவர்கள் முதலில், "மாஸ்டர், நீங்க ஒரு வரி அடிச்சுக் காட்டுங்க, பாப்போம்" என்கிறார்கள். அதனால் மாஸ்டர் காலையிலேயே துண்டைக் கட்டிக்கொண்டு மொட்டைக் கட்டையில் பழகுகிறார். ஒன்பதே முக்காலுக்கு ஆவுடை ஆபீசுக்குப் போகிறவள் மரத்தடியில் ஒரு நிமிஷம் நிற்பாள். மாடியை அண்ணாந்து பார்த்து, அவருடைய கரகரத்த குரலில், "கீழ பாக்காத. முதல்லருந்து!" என்பாள். மேலே சத்தம் சட்டென்று நிற்கும். பிறகு, ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே எச் ஜே என்று, விரல் விரலாக, ஆரம்பத்திலிருந்து வரும்.

அவள் கைப்பைக்குள் ஒரு தீப்பெட்டி இருக்கிறது. அந்தச் சத்தம் கேட்டதும் அதற்குள் இன்ஸ்டிடியூட் எழுத்துகள் வீட்டு ஞாபகம் வந்து பரபரவென்று சுரண்டும். ஆவுடை பையின் மேல் கையை வைத்து, அவை அடங்குகிறவரை நின்று கேட்டுவிட்டு, கொடுக்காப்புளிக் கொழுந்தாக ஒன்று பறித்துக்கொண்டு ஆபீசுக்கு நடப்பாள். பெட்டியை இதுவரை அவள் திறந்துவிடவில்லை.